மாற்ற முடியாத டிக்கெட்

ஜூன் 3

காலையிலிருந்து மழை. எங்கள் விமான டிக்கெட் அலுவலகத்துக்கு நான்கே பேர் வந்தார்கள். அதில் ஒருவர் சிங்கப்பூரில் வெல்டர். விடுமுறைக்குச் சொந்த ஊரான எங்கள் இலோயிலோவுக்கு வந்த இடத்தில் நேற்று அவருடைய அம்மா இறந்துவிட்டார். நாளை திரும்ப வேண்டிய டிக்கெட் கையில் இருக்கிறது. ஆக மலிவான வகை. தேதி மாற்ற முடியாது, பணம் திரும்ப வராது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கத்தான் வந்தார்.

விதிகளின் கடைசி வரியைக் காட்டினேன். பெற்றோர், மனைவி, பிள்ளை இறந்தால் எந்த வகை டிக்கெட்டாக இருந்தாலும் தேதியை மாற்றித் தருவார்கள். இறப்புச் சான்றிதழைப் பிறகு கொடுத்தாலும் போதும். ஆனால் விமானம் கிளம்புவதற்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டும். கிளம்பிய பிறகு சொன்னால் பயனில்லை.

மனிதர் என் மேசை மேலேயே தலையை வைத்து அழுதார்.

அவர் போனதும் முதலாளியம்மா மிசஸ் ஊய் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "சல்வா, கேட்டா சொல்லு. கேக்காதவனுக்கு எதுக்கு வாசிச்சுக் காட்டுற? புதுசா ஒண்ணு வாங்கியிருப்பான்ல."

சாயங்காலம் அப்பாவின் காலைக் கழுவினேன். வீக்கம் கூடியிருக்கிறது. விரலால் அழுத்தினால் பள்ளம் அப்படியே நிற்கிறது. "மெதுவா, பூரிங்" என்றார். பூரிங் அக்காவின் பெயர். நான் சல்வா என்றேன். தெரியும் என்றார்.

ஜூன் 9

மருத்துவமனை. சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. மெஷினில் போட வேண்டும் என்கிறார் டாக்டர். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "என் ரத்தத்த வெளிய எடுத்துத் தொவைச்சு உள்ள போடுறதுக்கு நான் என்ன சட்டையா?" டாக்டரே சிரித்துவிட்டார். பிறகு என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போய், செப்டம்பரைத் தாண்டுவது கஷ்டம் என்றார்.

திரும்பும்போது ஜீப்னி வண்டியில் அப்பா சொன்னது: "நான் போறப்ப பூரிங் பக்கத்துல இருக்கணும். அவ்வளவுதான் எனக்கு."

"நான் இருப்பேனேப்பா."

"நீ எப்பவும்தான் இருக்க."

அக்கா வேலைக்காக வின்னிபெக் போய்ப் பதினொரு வருடம். ஒரு தடவைகூட வரவில்லை.

ஜூன் 11

பூரிங்கிடம் போனில் சொன்னேன். அழுதாள். அழுது முடித்ததும் மூக்கைச் சிந்திவிட்டு, "டாக்டர் எந்த வாரம்னு சொன்னாரா?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் எப்படி மனாங் சொல்வாங்க?" இத்தனை வருடம் கழித்தும் எனக்கு அவள் மனாங், அக்கா; அவளுக்கு நான் இந்தாய், தங்கச்சி.

"எனக்கு மூணு வாரந்தான் லீவு, இந்தாய். ஒரு தடவதான் வர முடியும். உயிரோட பாக்கணும், அடக்கத்துலயும் இருக்கணும். ரெண்டும் ஒரே டிக்கெட்ல முடியணும். எத வாங்கறது? நீதானே அதுல கெடந்து பொழைக்கிற, சொல்லு."

சொன்னேன். வாடிக்கையாளருக்குச் சொல்வதுபோல் ஒன்று விடாமல் சொன்னேன். மூன்று வகை இருக்கிறது. மூன்றுக்கும் ஒரே இருக்கை, ஒரே சோறு, ஒரே கழிப்பறை வரிசை. மேல் வகையில் எத்தனை தடவை வேண்டுமானாலும் தேதியை மாற்றலாம், தண்டம் கிடையாது. வேண்டாமென்றால் பணம் திரும்ப வரும். நடு வகையில் மாற்றலாம், ஒவ்வொரு தடவையும் தண்டம் கட்ட வேண்டும். கீழ் வகையில் எதுவும் முடியாது. போட்ட தேதி போட்டதுதான். வராவிட்டால் சீட்டு செத்துவிடும்.

"அப்ப மேல் வகைக்கு எதுக்கு அவ்வளவு வெல?"

"மனசு மாறுறதுக்கு."

"மனசு எங்க மாறப்போவுது? போறது ஒரு தேதி, வர்றது ஒரு தேதி."

"அப்பா உடம்பு தேதி பாத்தா நடக்கும்? நடு வகையாவது வாங்கு மனாங்."

"வித்தியாசத்துல இங்க ஒரு மாச வாடகை கட்டிருவேன்."

போக மட்டும் தனி டிக்கெட் எடுத்துவிட்டுத் திரும்புவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். அப்படி எடுத்தால் போய் வரும் டிக்கெட்டைவிட விலை அதிகம் என்றேன். சரி, போய் வருவதாகவே எடுத்துத் திரும்பும் பாதியை மட்டும் விட்டுவிட்டால்? விடலாம், ஆனால் திரும்பிப் போக முழு விலை கொடுக்க வேண்டும் என்றேன். மணிலாவிலிருந்து இலோயிலோவுக்கு உள்ளூர்க் கம்பெனியில் தனியாக மலிவாக எடுத்துக்கொள்கிறேன் என்றாள். அது வேறு டிக்கெட், இது தாமதமானால் அவர்கள் காத்திருக்க மாட்டார்கள் என்றேன்.

"போதும் இந்தாய். தலை சுத்துது."

கடைசி வரிக்கு நான் வரவே இல்லை. அப்பா பக்கத்து அறையில் உயிரோடு இருமிக்கொண்டிருந்தார். சாவுக்கான விதியை எப்படி வாசிப்பது?

ஜூன் 12

வாங்கிவிட்டாள். கீழ் வகை. செப்டம்பர் 2 வருகிறாள், 23 திரும்புகிறாள்.

ஜூலை 6

அப்பா தினமும் காலையில் கண் திறந்ததும் தேதி கேட்கிறார். சொன்னால் கணக்குப் போடுகிறார். அதற்குப் பிறகுதான் கஞ்சி.

ஜூலை 19

எதிர்வீட்டு அண்ணன், மனோங் தெம்யோங் வந்தார். எங்கள் தெருவில் எந்த வீட்டில் சாவு என்றாலும் சீட்டாட்ட மேசை போடுவது இவர்தான். ஆட்டத்தில் ஒரு பங்கு துக்க வீட்டுக்கு, ஒரு பங்கு இவருக்கு. அப்பாவின் கையைப் பிடித்து நலம் விசாரித்தார். வாசலுக்கு வந்ததும் என்னிடம், "பூரிங் எப்ப வர்றா?" என்றார்.

"செப்டம்பர் ரெண்டு."

"அதுக்கு முன்னாடி போயிட்டார்னா ஒடம்ப வெச்சிருந்துதான் ஆகணும். போன வருஷம் கொருசோன் வீட்டுல பதினெட்டு நாள் வெச்சிருந்தாங்க, மகன் ரியாத்ல இருந்து மலிவு டிக்கெட்ல வர்ற வரைக்கும். நல்ல ஆட்டம் அது." உடனே முகத்தைச் சரிசெய்துகொண்டார். "ஆண்டவர் அப்படி விடமாட்டார்."

ஆகஸ்ட் 20

மோசம். மூச்சு இழுக்கிறது. பாதிரியார் வந்து எண்ணெய் பூசிவிட்டுப் போனார். பூரிங்கை வீடியோவில் கூப்பிட்டுப் போனை அப்பா முகத்துக்கு நேரே பிடித்தேன். சத்தத்தைக் குறைக்க மறந்துவிட்டேன்.

"அப்பா, நான் வந்துட்டே இருக்கேன்" என்றாள். பிறகு என்னிடம் பேசுவதாக நினைத்துக்கொண்டு, "ரெண்டாந்தேதி வரைக்கும் தாங்குமா இந்தாய்? தாங்கலேன்னா நல்ல மருந்தாப் போட்டு வெச்சிருக்கச் சொல்லு. முகம் கறுத்துறக் கூடாது. நான் பாக்கணும்" என்றாள்.

போனை அணைத்தேன். அப்பா மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னிக்குத் தேதி என்ன?" என்று கேட்டார்.

சொன்னேன்.

"கஞ்சி குடு" என்றார். இரண்டு நாளாக எதையும் விழுங்காத மனிதர்.

செப்டம்பர் 2

வந்துவிட்டாள். தடித்திருக்கிறாள், முடிக்குச் சாயம் போட்டிருக்கிறாள். அட்டைப்பெட்டி ஒன்று, இரண்டு ஆள் தூக்க வேண்டிய கனம். அப்பா கட்டிலில் தானாகவே எழுந்து உட்கார்ந்தார். பூரிங் அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் தலையைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்து, "இவளுக்குச் சோறு போடு" என்றார்.

செப்டம்பர் 5

அப்பா பச்சோய் கேட்டார். லாபாஸ் சந்தையில் போய் வாங்கி வந்தேன். நூடுல்ஸ், ஈரல், மஜ்ஜைச் சாறு, எல்லாமே டாக்டர் கூடாது என்றவை. முழுக் கிண்ணத்தையும் காலி செய்தார்.

தெம்யோங் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மெஷின் எதுக்கு? வின்னிபெக்ல இருந்து மருந்து வந்துருச்சே." எல்லாரும் சிரித்தோம். பூரிங்தான் அதிகமாகச் சிரித்தாள்.

செப்டம்பர் 7

அப்பா நச்சரித்ததால் அட்டைப்பெட்டியைத் திறந்தோம். சாக்லேட் இருக்கும், டின்னில் அடைத்த இறைச்சி இருக்கும் என்று தெருப்பிள்ளைகள் ஜன்னலில் தொங்கினார்கள். உள்ளே காகிதக் கோப்பைகள், காகிதத் தட்டுகள், பொட்டலம் பொட்டலமாகக் காபித்தூள், துக்கத்துக்கு உடுத்தும் கறுப்பு கவுன்கள் இரண்டு — ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு. அடியில் ஆண்களுக்கான கறுப்புத் தோல் காலணி, புத்தம் புதிது.

தெருப்பிள்ளைகள் ஜன்னலிலிருந்து இறங்கிப் போனார்கள்.

அப்பா காலணியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என் அளவு ஞாபகம் வெச்சிருக்கா பாரு" என்றார். வீங்கிய காலை நெருக்கி உள்ளே நுழைத்துக்கொண்டு, பூரிங்கின் தோளைப் பிடித்தபடி வாசல்வரை நடந்தார். தெருவில் போகிறவர்களிடமெல்லாம் காலைத் தூக்கிக் காட்டினார். பூரிங் அழுதாள். வெட்கத்தில் அழுதாள் என்றே நினைக்கிறேன். நான் அழவில்லை. எனக்கு நல்ல வேடிக்கையாக இருந்தது.

செப்டம்பர் 13

அப்பா முடி வெட்டிக்கொண்டார். பூரிங் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே, "டாக்டர்ட்ட இன்னொரு தடவ கேளேன்" என்றாள்.

"என்னன்னு கேக்கணும்?"

"என்னன்னா... எப்படி இருக்குன்னு."

"நல்லா இருக்காரு. நீதான் பாக்கறியே."

"அதான்." தட்டைத் துடைத்து வைத்தாள். "எனக்கு இருபத்து மூணாந்தேதி டிக்கெட், இந்தாய்."

செப்டம்பர் 17

பூரிங் இப்போதெல்லாம் அப்பா அறையில் அதிகம் உட்காருவதில்லை. பள்ளித் தோழிகளைப் பார்க்க மாலுக்குப் போகிறாள். இன்று மதியம் அப்பா அவளைக் கூப்பிட்டு, "உனக்கு லேட்டாவுதா மகளே?" என்று கேட்டார்.

"எதுக்குப்பா?"

"இல்ல. நானும் முயற்சி பண்ணிட்டுத்தான் இருக்கேன்."

அவள் வெளியே வந்து என்னிடம், "பாத்தியா எப்படிக் குத்துறாருன்னு" என்றாள். குத்தவில்லை. பதினொரு வருடத்துக்குப் பிறகு வந்த பிள்ளையைக் காக்கவைக்கிறோமே என்று நிஜமாகவே கவலைப்பட்டார். என் விஷயத்தில் அவர் எப்போதாவது இப்படிக் கவலைப்பட்டிருப்பாரா? எட்டு வருஷமா அவரைப் பாத்துக்கறேன். கல்யாணப் பேச்சு ரெண்டு வந்தது, ரெண்டையும் நான்தானே வேண்டாம்னேன், யாருக்காக? சரி. எழுதி என்ன ஆகப்போகிறது.

செப்டம்பர் 22

பூரிங் மூட்டை கட்டிவிட்டாள். தன் கறுப்பு கவுனை மடித்துத் தன் பெட்டியிலேயே வைத்துக்கொண்டாள். "அங்கயும் சாவு விழத்தானே செய்யுது" என்றாள். அப்பா இன்று பச்சோய் கேட்கவில்லை. தேதி மட்டும் கேட்டார்.

செப்டம்பர் 23

வரிசையாக எழுதி வைக்கிறேன்.

விடிந்ததும் பூரிங் கிளம்பினாள். காலை விமானத்தில் மணிலா, அங்கிருந்து சாயங்காலம் வான்கூவர் வழியாக வின்னிபெக் போகிறவள். அப்பா கையை விடவில்லை, நான்தான் விரல்களைப் பிரித்துவிட்டேன். வாசலில் டாக்சி நின்றுகொண்டிருந்தது.

மதியம் அப்பாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஆகஸ்டில் இழுத்ததுபோல் இல்லை, வேறு மாதிரி. என் கையைப் பிடித்துக்கொண்டு, "பூரிங் ஏறிட்டாளா?" என்றார்.

அவள் மணிலா விமான நிலையத்தில், பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நான்காவது நுழைவாயில் ஓரமாக உட்கார்ந்து வறுத்த கோழி தின்றுகொண்டிருந்தாள். பத்து நிமிடம் முன்புதான் படம் அனுப்பியிருந்தாள். போன் என் மடியில் இருந்தது. ஒரு விரல் அழுத்தினால் போதும், முகம் வந்திருக்கும், குரல் வந்திருக்கும்.

"ஏறிட்டாப்பா" என்றேன்.

தலையை ஆட்டினார். இனி யாருக்காகவும் தம் பிடிக்க வேண்டாம் என்பதுபோல் மூச்சை விட்டார். அவ்வளவுதான்.

பிறகு அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். பின்னால் விமான நிலையத்து அறிவிப்புகள் கேட்டுக்கொண்டிருந்தன. அழுகையை அடக்கிக்கொண்டு கேட்டாள்: "இன்னும் அஞ்சு மணி நேரம் இருக்கு. தேதிய மாத்த முடியுமா?"

"கீழ் வகை மனாங். அன்னிக்கே சொன்னேனே."

"அப்ப நான் திரும்பி வந்தா?"

"இந்தச் சீட்டு செத்துரும். திரும்பிப் போக முழு வெல."

"வேற வழியே இல்லியா?"

இதை அவள் கேட்டாள். கேட்டா சொல்லு, கேக்காட்டி சொல்லாதே என்பார் மிசஸ் ஊய். அவள் கேட்டாள். மழையில் நனைந்து வந்த வெல்டருக்கு, யாரோ ஒருத்தருக்கு, கேட்காமலே சொன்ன வரி. என் நாக்கு நுனியில் இருந்தது.

"இல்ல" என்றேன்.

வைத்துவிட்டாள். சாயங்காலம் விமானம் கிளம்பிய நேரத்தை அலுவலகத் திரையில் பார்ப்பதுபோல் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடம்கூடத் தாமதமில்லை.

செப்டம்பர் 24

சவப்பெட்டிக்காரர் காலணி வேண்டாம் என்றார். செத்தவருக்குக் காலணி போட்டு அனுப்பினால் ராத்திரியில் வீட்டுக்குள் நடக்கும் சத்தம் கேட்குமாம். எங்கள் பக்கம் எல்லாரும் அப்படித்தான் வெறுங்காலோடு அனுப்புவார்கள். நான் போடச் சொன்னேன். வின்னிபெக் வரைக்கும் வெறுங்காலில் எப்படி நடப்பார்?

செப்டம்பர் 25

தெம்யோங்கின் மேசைகள் மூன்று. கோப்பை, தட்டு, காபி எதற்கும் குறையில்லை. எல்லாம் பூரிங் உபயம்.

வருகிற ஒவ்வொருவரும் கேட்கிறார்கள். "பூரிங் திரும்பி வர்றாளா?" "எப்ப அடக்கம்? பூரிங்குக்காக வெச்சிருக்கீங்களா?" எல்லாருக்கும் ஒரே பதில்: டிக்கெட்டை மாற்ற முடியாது, நாளை மறுநாள் அடக்கம்.

"நாலே நாள்ல அடக்கமா?" என்றார் தெம்யோங். அவருக்கு அவர் கவலை.

வந்தவர்களுக்கு நன்றி சொல்லக் கூடாது, வாசல்வரை போய் வழியனுப்பக் கூடாது. துக்க வீட்டில் நன்றி சொன்னால் இன்னொரு சாவைக் கூப்பிட்டதாக ஆகும். எனக்கு அது சுலபமாக இருந்தது.

செப்டம்பர் 27

அடக்கம் முடிந்தது. மழை இல்லை.

செப்டம்பர் 30

பூரிங் கூப்பிட்டாள். அடக்கத்தின் படங்களைப் பார்த்தாளாம், முகம் நன்றாக இருந்ததாம். பிறகு சம்பந்தமே இல்லாமல் ஆரம்பித்தாள்.

"மணிலாவுல கவுன்டர்ல பெட்டிய போடுறப்ப அழுதுட்டேன், இந்தாய். அந்தப் பொண்ணு என்ன மேடம்னு கேட்டா. அப்பா இப்பத்தான் போயிட்டாருன்னு சொன்னேன். ஐயோ மேடம், அப்படின்னா இத மாத்தித் தர்றோமே, தண்டமெல்லாம் இல்ல, சான்றிதழ அப்புறம் அனுப்புங்கன்னு சொன்னா."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"நான்தான் வேணாம்னேன்."

"ஏன்?"

"மூணு வாரம் பாத்தாச்சுல்ல. மறுபடி வந்து, சவப்பெட்டி பக்கத்துல ஒக்காந்து, ஊர்ல உள்ளவங்களுக்கெல்லாம் காபி ஊத்தி... தெம்பில்ல. அப்பாவுக்கு என்னைப் பாக்கணும், பாத்துட்டாரு." தண்ணீர் குடிக்கும் சத்தம். "அத்தை, சித்தப்பா எல்லாரும் போன் போட்டு ஏன் திரும்பலேன்னு கேட்டாங்க. சல்வா சொல்லிட்டா, மாத்தவே முடியாதாம்னு சொல்லிட்டேன். டிக்கெட் ஆபீஸ்காரி சொன்னா யாரு மறுத்துப் பேச முடியும்?"

"மனாங், நான்..."

"உனக்கு அந்த விதி தெரியும்னு எனக்குத் தெரியும். பதினாறு வருஷமா அங்க இருக்க. எதுக்கு நீ சொல்லாம விட்டேன்னு நான் கேக்கப் போறதில்ல." குரலில் கோபமே இல்லை. அதுதான். "நீ சொல்லியிருந்தா நான் வந்தே ஆகவேண்டியதாப் போயிருக்கும். நன்றி, இந்தாய்."

துக்க வீட்டில் சொல்லக் கூடாத வார்த்தை. அவளுக்குத் தெரியாமலா இருக்கும்?

அக்டோபர் 14

கோவில் வாசலில் அத்தை என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். விசாரித்தேன். இறப்புச் சான்றிதழ் காட்டினால் மாற்றித் தருவார்கள் என்று அந்த வெல்டர் சிங்கப்பூர் திரும்புமுன் சந்தையில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எனக்கே டிக்கெட் ஆபீஸ் பொண்ணுதான் சொல்லிக்கொடுத்தது, நல்ல பொண்ணு என்றும் சொல்லியிருக்கிறார்.

அக்டோபர் 15

பூரிங்குக்குப் போன் போட்டேன். உண்மையை அத்தையிடம் சொல்லு என்றேன். "எந்த உண்மைய?" என்றாள். வைத்துவிட்டேன்.

ஜனவரி 8

பூரிங்கிடமிருந்து செய்தி. அப்பா இறந்த வருஷத்துக்கு, நாங்கள் கறுப்பைக் கழற்றித் துக்கம் முடிக்கும் நாளுக்கு, கட்டாயம் வருகிறாளாம். அத்தையைத் தானே உட்காரவைத்துப் பேசுகிறாளாம். "இந்தத் தடவ மேல் வகை, இந்தாய். உன் ஆபீஸ்லயே போடு. எது நடந்தாலும் மாத்திக்கலாம்ல."

போட்டேன். செப்டம்பர் 20 வருகை.

ஜூலை 2

அவள் சொல்ல, தேதியை மாற்றினேன். செப்டம்பர் 22.

செப்டம்பர் 15

வேலையில் ஆள் இல்லையாம். அக்டோபருக்கு மாற்றச் சொன்னாள். "வருஷம் செப்டம்பர்ல மனாங்" என்றேன். "தெரியும் இந்தாய். நீ மாத்திடு, கிறிஸ்துமஸுக்குள்ள பாத்துக்கலாம்." மாற்றினேன். திரையில் தண்டம் என்ற இடத்தில் பூஜ்யம்.

செப்டம்பர் 23

வருஷம். வீட்டில் பூசை, பிறகு சாப்பாடு. முப்பது பேர் வருவார்கள் என்று சமைத்தேன், ஒன்பது பேர் வந்தார்கள். அத்தை வரவில்லை. சட்டையிலிருந்து கறுப்புப் பட்டையைக் கழற்றிப் பாதிரியாரின் தட்டில் வைத்தேன். போன வருடத்துக் காகிதக் கோப்பைகள் இன்னும் மிச்சமிருந்தன, அவற்றிலேயே காபி கொடுத்தேன்.

தெம்யோங் கோப்பையைக் கையில் உருட்டிக்கொண்டு கேட்டார்: "பூரிங் எங்க?"

"டிக்கெட்ட மாத்திட்டா, மனோங்."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "மாத்தவே முடியாதுன்னு சொன்னியே?"

"இது வேற வகை" என்றேன்.